ருசி பார்க்காமல் போட்ட உப்பு

என் வீட்டுக்காரியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள், அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்திருந்தாள். குளுக்கோஸ் குழாயில் ஒரு சின்னச் சக்கரம் இருக்குமே, அதை நான் லேசாக உருட்டிப் பார்த்தேன். சொட்டு மெதுவாக விழுகிற மாதிரி எனக்குப் பட்டது.

“அதுல இருந்து கையை எடுங்க. எடுக்கீங்களா, நர்ஸக் கூப்பிடவா?” என்றாள்.

எடுத்துவிட்டேன். வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சொட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ஏதாவது கெடுத்துவிட்டேனா என்று. அதுதான் கடைசி.

இல்லை, பையை மேலே வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். உங்களுக்கு இடிக்கிறதா? நீங்கள் ஜன்னல் பக்கம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டால் இரண்டு பேருக்கும் சவுகரியம். நான் சொல்லவில்லை, சும்மா ஒரு யோசனை. இந்த டிரைவர் ஏன் லாரிக்குப் பின்னாலேயே போகிறார்? ஏறிப் போக வேண்டியதுதானே. சரி, விடுங்கள். அவர் வண்டி, அவர் பாடு. நான் இப்போதெல்லாம் எதிலும் தலையிடுவதில்லை. எல்லாவற்றையும் கர்த்தர் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டேன்.

மணி என்ன ஆகிறது? அப்படியா. இந்நேரம் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் ஊரில் இன்றைக்கு அசனம், அண்ணாச்சி. உங்களுக்குத் தெரிந்திருக்காது. சாத்தான்குளத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். கோயில் கட்டிப் பிரதிஷ்டை பண்ணின நாளை வருஷா வருஷம் பண்டிகையாகக் கொண்டாடுவோம். ஆளாளுக்கு அரிசி, தேங்காய், ஆடு, விறகு என்று கொண்டுவந்து கோயில் வளாகத்தில் போட்டு, கிடாரம் கிடாரமாகச் சோறும் கறிக்குழம்பும் ஆக்கி, எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவோம். பெரிய வீட்டுக்காரர், கூலிக்காரர், வேற்று மதத்துக்காரர், எல்லாருக்கும் ஒரே பந்தி. அதுதான் அசனம்.

அதில் ஒரு முறை இருக்கிறது. குருவானவர் வந்து கிடாரத்தின் முன்னால் நின்று ஜெபம் பண்ணுகிற வரைக்கும் ஒருத்தரும் வாயில் வைக்கக்கூடாது. ஒரு சொட்டுக்கூட. கர்த்தருக்குப் படைத்தது, அவருக்கு முன்னால் நாம் எப்படித் தொடுவது? அப்படியென்றால் உப்பு? அதைத்தான் சொல்ல வருகிறேன். உப்புப் போட ஒரே ஒரு ஆள். அவர் ஸ்டூலில் ஏறி நின்று ஒரு நிமிஷம் கண்ணை மூட வேண்டும். கையால் அள்ளிப் போட வேண்டும். கீழே இறங்கித் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அவ்வளவுதான். மிச்சம் அவர் பார்த்துக்கொள்வார். நான் மேலே இருக்கிறவரைச் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் போட்டவருக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். வேதமாணிக்கம் கை அளவு தப்பாது என்று ஊரில் பேர். நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், அண்ணாச்சி. பம்பு செட் மோட்டார் எரிந்துபோனால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ஒரு சுற்றுக் கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எரிந்த மோட்டாரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது. அப்படிப்பட்டவனை ஸ்டூலில் ஏற்றி, போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போ என்றால்?

முதல் இரண்டு மூன்று வருஷம் அப்படித்தான் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜெபம் முடிந்து முதல் ஆள் வாயில் வைக்கிறவரைக்கும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவ்வளவு பேர் சாப்பாடு. கரித்துவிட்டால் என்ன செய்வது? சப்பென்று இருந்தால்? அதற்கப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதலில் பாதி உப்பைப் போடுவது. கிண்டிவிடுகிற சாக்கில் துடுப்பை வாங்குவது. விறகுக் குவியலுக்குப் பின்னால் போய், துடுப்பில் ஒட்டியிருப்பதை மணிக்கட்டில் தொட்டு நாக்கில் வைப்பது. அப்புறம் வந்து மீதியைப் போடுவது. அது ருசி பார்ப்பது ஆகாது, அண்ணாச்சி. சாப்பிட்டால்தானே ருசி பார்ப்பது. இது சரிபார்ப்பது. மோட்டாரைக் கட்டிவிட்டுக் கரண்டு கொடுத்துப் பார்க்காமலா அனுப்புகிறோம்?

கொதிக்கிற குழம்பு. ஒவ்வொரு அசனத்தன்றும் நாக்கு வெந்துபோகும். வீட்டுக்குப் போனால் ஞானக்கனி ஒரு செம்பு மோர் ஆற்றி வைத்திருப்பாள். என் வீட்டுக்காரி பேர் ஞானக்கனி. எதற்கு மோர் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. ஒரு தடவை மட்டும், நான் குடித்து முடித்ததும், “இந்த வருஷம் விறகு நல்லாக் காய்ஞ்சிருந்துச்சோ?” என்று கேட்டாள். முகத்தில் ஒரு சிரிப்பு.

அவள் அப்படித்தான். வீட்டு ஜெபத்தில் நான் சத்தமாக ஜெபிப்பேன். ஆண்டவரே, எங்கள் மகள் பிரிசில்லாவுக்கு வரன் வரட்டும், வருகிறவர் மதுரைக்கு இந்தப் பக்கம் இருக்கட்டும், தண்ணி போடாதவராக இருக்கட்டும், அதற்கு முதலில் அந்தத் தரகர் மனதில் பேசும் என்று ஒழுங்காக வரிசைப்படுத்திச் சொல்வேன். ஆமென் சொல்லி எழுந்திருக்கும்போது ஞானக்கனி கேட்பாள். “ஜெபம் பண்ணினீங்களா, கொத்தனாருக்கு வேலை சொன்னீங்களா?” பிரிசில்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஞானக்கனியின் ஜெபம் சின்னது. “ஆண்டவரே, உமக்குத் தெரியும்.” அவ்வளவுதான். நான் கேட்பேன், “ஏளா, அவருக்குத் தெரியும்னா அப்புறம் எதுக்கு முழங்கால் போடுத?” அவள் சொல்வாள், “எனக்குத் தெரியணும்ல.”

கயத்தாறு தாண்டிவிட்டதா? பைபாஸில் போனால் எதுவும் தெரிய மாட்டேன் என்கிறது. அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள். ரொம்ப வேண்டாம். ஆமாம், அப்படி.

எங்கே விட்டேன்? ஒரு நாள் கடையில் தலை சுற்றி விழுந்துவிட்டேன். டாக்டர் பிரஷர் என்றார். உப்பைக் குறைக்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஊருக்கே உப்புப் போடுகிறவனிடம் உப்பைக் குறை என்றால்? வீட்டுக்கு வந்து ஞானக்கனியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். “டாக்டர் பேச்சைக் கேட்டு ஒரு கல்லு குறைச்சாலும் எனக்குத் தெரிஞ்சிரும், பார்த்துக்கோ.”

“உங்க நாக்குக்குத் தெரியாமப் போகுமா?” என்றாள்.

அப்படியேதான் சாப்பிட்டேன், அண்ணாச்சி. ஒன்றும் குறைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரஷர் தானாக இறங்கிவிட்டது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். “பரவாயில்லையே, சொன்னதைக் கேட்டிருக்கீங்களே” என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். உப்பைக் குறைக்காமலே கர்த்தர் எனக்குச் சுகம் தந்தார் என்று. எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். பெண்கள் பக்கம் ஞானக்கனி மட்டும் தலைக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக் கீழே குனிந்துகொண்டாள். கண்ணீர் விடுகிறாள் என்று நினைத்தேன்.

அப்புறம் அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. திருநெல்வேலியில் ஆபரேஷன். நல்லபடியாகத்தான் முடிந்தது. இன்னும் கொஞ்ச நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் பார்த்தார்கள். நான்தான் அவர்களை நன்றாகப் பார்க்க விட்டேனோ என்னமோ. மாத்திரையை நான் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். கட்டிலை ஃபேனுக்குக் கீழே இழுத்துப் போட்டேன். நர்ஸ் பழைய இடத்துக்குத் தள்ளினாள். நான் மறுபடி இழுத்தேன். பிரிசில்லா அழாத குறை. “அப்பா, நீங்க ஊருக்குப் போங்கப்பா. அம்மா தூங்கணும்” என்றாள்.

மறுநாள் ஊரில் அசனம். “இந்த வருஷம் நான் போகலை, வேற யாராவது போடட்டும்” என்றேன்.

ஞானக்கனி கையை நீட்டி என் சட்டை நுனியைப் பிடித்தாள். “நீங்க போய்ப் போடுங்க. ஆனா ஒண்ணு சொல்லுதேன். இந்த ஒரு தடவை அந்த விறகுக்குப் பின்னால போகாதீங்க.”

நான் தலையணையைச் சரிசெய்யக் கையை நீட்டினேன், அவள் சட்டையை விடவில்லை.

“நீங்க தொடங்கின காலத்துல எப்படிப் போட்டீங்களோ அப்படிப் போடுங்க. உங்க கைக்குத் தெரியும். நாக்க நம்பாதீங்க. போட்டுட்டு இறங்கித் திரும்பிப் பார்க்காம வந்திருங்க. எனக்காக. மத்ததை ஆண்டவர் பார்த்துக்கிடுவார்.”

காலையில் கிளம்பும்போதுதான் அந்தச் சொட்டுச் சண்டை. முதலில் சொன்னேனே.

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன், அண்ணாச்சி. இது சாதாரணப் பேச்சு இல்லை என்று எனக்குத் தோன்றியது. அவள் வாயால் ஆண்டவர் பேசுகிறார். என்னிடம் ஒன்றைக் கேட்கிறார். இத்தனை வருஷமாக நான் விடாமல் பிடித்திருந்த ஒன்றை. அதை விட்டால் இவளைத் தருவார்.

ஸ்டூலில் ஏறினேன். கண்ணை மூடினேன். “ஆண்டவரே, நான் ருசி பார்க்கப் போவதில்லை. இதை உம்மிடம் விட்டுவிட்டேன். நீர் ஞானக்கனியைப் பார்த்துக்கொள்ளும்” என்றேன். இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். தொடங்கின காலத்து அளவு. போடும்போதே மனசு சொன்னது, இது ரொம்ப அதிகம், கரிக்கப்போகிறது என்று. கை கேட்கவில்லை, போட்டுவிட்டது. இறங்கினேன். விறகுக் குவியல் அங்கேதான் இருந்தது. துடுப்பும் அங்கேதான் சாத்தியிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. நேரே கோயிலுக்குள் போய்க் கடைசி பெஞ்சைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜெபம் முடிந்து பந்தி ஆரம்பிக்கிற வரைக்கும் பிடித்த பிடியை விடவில்லை.

வெளியே வந்தால், வாயார ஒரே பேச்சு. “அண்ணாச்சி, இந்த வருஷம் குழம்பு அமிர்தம்.” “மாணிக்கண்ணே, உப்பு அப்படியே கச்சிதமா விழுந்திருக்கு.” கோயில் உபதேசியார் இரண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏற்றுக்கொண்டார் என்று நினைத்தேன். நான் என் பங்கைச் செய்தேன், அவர் அவர் பங்கைச் செய்கிறார். ஞானக்கனி பிழைத்தாள். அப்படித்தானே அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள்.

பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பிரிசில்லாவிடமிருந்து போன்.

“அப்பா. அம்மா பேசிட்டே இருந்தாங்கப்பா.”

அவ்வளவுதான் சொன்னாள். ரத்தம் கட்டி நெஞ்சுக்குப் போய்விட்டது என்று பிறகு டாக்டர் சொன்னார். சில பேருக்கு அப்படி ஆகிவிடுமாம்.

இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருக்கப் பார்த்தார்கள். எழுந்திருக்க வேண்டாம், சாப்பிடுங்கள் என்றேன். என் கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த வரிசை முடிகிற வரைக்கும் ஊற்றிவிட்டேன்.

இதில் எனக்குக் கர்த்தர் மேல் கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இல்லவே இல்லை. கேள்விதான். நான் விட்டேனா இல்லையா? முதல் தடவையாக வாழ்க்கையில் ஒன்றை விட்டேன். பார்க்கவில்லை, தொடவில்லை. விட்டதற்குப் பலன் இதுதானா? குருவானவரிடம் கேட்டேன். சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன். வீட்டுக்கு வந்து என்னோடு தரையில் உட்கார்ந்தார்.

“ஐயா, நீங்க விட்டது உப்பைத்தான். அம்மாவை விடல” என்றார்.

“அவளைக் காப்பாத்தத்தானே உப்பை விட்டேன்?”

“அதைத்தான் நானும் சொல்லுதேன்” என்றார்.

என்ன பதில் இது? நன்றாகப் பிரசங்கம் பண்ணுவார். மைக் வயரைத்தான் ஒழுங்காக மாட்டத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் கீச்சென்று கத்தும். நான் போய்ச் சரிசெய்துவிட்டு வருவேன்.

அதற்குப் பிறகு நான் உப்புப் போடவில்லை. யார் கேட்டாலும், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிடுவேன். அசனத்தன்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பேன். யார் யாரோ போட்டார்கள். நான் ஒன்றும் விசாரிக்கவில்லை. உப்பு குறைச்சல் என்று ஒருத்தர் சொன்னார். அடுத்த வருஷம் கரித்துவிட்டதாம். அதையும் ஒருத்தர் சொன்னார். எனக்கு வருத்தம்தான், வேறென்ன.

சாத்தூரா இது? நிற்கிறதா? இறங்க வேண்டாம், அண்ணாச்சி, இவர்கள் ஹார்ன் அடிக்காமல் எடுத்துவிடுவார்கள். சேவு வேண்டுமென்றால் ஜன்னல் வழியாகவே வாங்கலாம். காரச்சேவு வேண்டாம், உங்கள் வயதுக்கு ஆகாது. சரி, உங்கள் இஷ்டம்.

இன்றைக்குக் காலையில்தான் வினையே வந்தது. அடுத்த வீட்டு சலோமி. ஞானக்கனிக்கு ஆப்தம் அவள். அசனத்தில் குழம்பை வாளியில் மோந்து பந்திக்கு அனுப்புகிற வேலை பெண்களுடையது. ஞானக்கனியும் சலோமியும்தான் அதில் முன்னால் நிற்பார்கள். நான் மதுரைக்குக் கிளம்பி பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். மகள் வீட்டுக்கு. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வரும்போது ஸ்பானர் கொண்டுவராதீங்க என்பாள். போன தடவை அவள் தண்ணீர்த்தொட்டியைச் சரிசெய்தேன், கீழ்வீட்டுக்காரர் மெத்தை நனைந்துவிட்டது. அது வேறு கதை. சலோமி உரித்த உள்ளியை நார்ப்பெட்டியில் வைத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

“அண்ணே, இன்னைக்குப் போயி எங்க கிளம்பிட்டிய? உப்புப் போட ஆள் இல்லாம கமிட்டியில அடிச்சிக்கிடுதாவ.”

“கர்த்தர் பார்த்துக்கிடுவார், சலோமி.”

“கர்த்தரா ஸ்டூல்ல ஏறுவாரு?”

“நான் விட்டுட்டேன். என் கை இனிமே உப்பைத் தொடாது. இத்தனை வருஷம் போட்டது போதும்.”

பெட்டியைக் கீழே வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. “இத்தனை வருஷம் போட்டது நீங்களாக்கும்?”

“பின்ன யாரு, நீயா?”

“ஞானக்கனி மைனி போட்டா. வாய் இருக்க மாட்டேங்குது எனக்கு. செத்தவ கிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்தேன், இருந்தாலும் சொல்லுதேன். உங்களுக்குத் தலைசுத்து வந்ததுல இருந்து வீட்டுல உப்பை நுணுக்கி நுணுக்கிக் குறைச்சிட்டா. உங்களுக்குத் தெரியல. அந்த நாக்க வச்சிக்கிட்டு நீங்க விறகுக்குப் பின்னால போயி நக்கிப் பார்த்தா என்ன தெரியும்? பாதி உப்புலயே கரிக்கது மாதிரித் தெரியும், போதும்னு இறங்கிருவிய. குழம்பு சப்புனு கிடக்கும். ஜெபம் முடிஞ்ச பிறகு வாளியில மோக்கும்போது, மைனி சேலைக்குள்ள ஜாடியக் கொண்டுவந்து, உப்பைக் கரைச்சுக் கரைச்சு ஊத்துவா. வருஷா வருஷம். நான் மறைச்சிக்கிட்டு நிப்பேன். ஊரு உங்களைத் தூக்கி வச்சிப் பேசும். அவ அங்கன நின்னு கேட்டுச் சிரிச்சிக்கிடுவா.”

“பொய்” என்றேன்.

“பொய்யின்னா போங்க” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச தூரம் போய் நின்று, “இன்னைக்கு நான் போடுதேன். பொம்பள போடக்கூடாதுன்னு எவன் சொல்லுதான்னு பார்ப்போம்!” என்று கத்தினாள்.

பொய்தான், அண்ணாச்சி. ஞானக்கனி என்னிடம் எதையும் மறைத்ததில்லை. என் நாக்குக்குத் தெரியாமல் போகுமா? அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டேன். வீட்டுக்குத் திரும்பிப் போனேன். அடுக்களைப் பரணில் ஒரு பீங்கான் ஜாடி உண்டு. வாயில் துணி கட்டி வைத்திருப்பாள். எலுமிச்சை ஊறுகாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஊறுகாய் தருவதில்லை, அதனால் நான் தொட்டதில்லை. இறக்கி அவிழ்த்துப் பார்த்தேன்.

ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்தேன்.

அது சும்மா வைத்த ஜாடியாகவும் இருக்கலாம் இல்லையா? வீட்டில் உப்பு ஜாடி இருப்பது ஒரு அதிசயமா? ஆனால் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ஏறினதிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டு வருகிறேன். ஆஸ்பத்திரியில் ‘நாக்க நம்பாதீங்க’ என்று சொன்னாளே, அது எதற்கு? தொடங்கின காலத்து அளவு என்று சொன்னாளே? தான் அங்கே இருக்கப் போவதில்லை, வாளியில் கரைத்து ஊற்ற ஆள் இல்லை, அதற்காகச் சொன்னாளா? வெறும் குழம்புக்காக? நான் அதை எடுத்துக்கொண்டுபோய் ஆண்டவரிடம் பேரம் பேசினேனா? அப்படியென்றால் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவே இல்லையே. நானும் ஒன்றும் கொடுக்கவில்லையே. அவருக்கும் எனக்கும் அன்றைக்கு ஒப்பந்தமே இல்லையே.

அப்போது இத்தனை நாளும் நான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது என்ன?

விடுங்கள். சலோமி வாய் பெரிய வாய்.

பொறுங்கள், போன் அடிக்கிறது. அவள்தான். ஹலோ. ஹலோ, சலோமி, சத்தமாப் பேசு. பஸ்ஸுல இருக்கேன். போட்டாச்சா? நீயா? ஸ்டூல்ல ஏறினியா? எவ்வளவு போட்ட? கைக்கு வந்ததுன்னா அது ஒரு அளவா? கேளு, நான் சொல்லுததைக் கேளு, இன்னும் நேரம் இருக்கு, துடுப்பை எடுத்து, யாருக்கும் தெரியாம லேசா...

என்னைத் திட்டுகிறாள், அண்ணாச்சி. வாயை மூடிக்கிட்டுக் கண்ணையும் மூடுங்க, ஜெபம் ஆரம்பிக்கு என்கிறாள். போனை அணைக்காமல் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கேட்கிறதா உங்களுக்கு? அந்தக் கீச்சு. அதுதான் எங்கள் மைக். நான் இல்லாமல் யார் சரிசெய்வார்? இது குருவானவர் குரல். ஒரு நிமிஷம். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், நான் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

ஆண்டவரே, உமக்குத் தெரியும்.

ஆமென்.

அவ்வளவுதான், கட்டாகிவிட்டது. இனி கிடாரத்தைத் திறப்பார்கள். வாளியில் மோப்பார்கள். இந்நேரம் முதல் பந்தி உட்கார்ந்திருக்கும். ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும், கரிக்கிறதா, சப்பென்று இருக்கிறதா, சரியாக இருக்கிறதா என்று. ஒரே ஒரு போன்.

அண்ணாச்சி, ஒரு உபகாரம். இந்தப் போனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மதுரை வரைக்கும். நான் கேட்டாலும் தர வேண்டாம். சட்டைப்பையில் இல்லை, எட்டி எடுத்துவிடுவேன். அந்தப் பக்கம், ஜன்னல் பக்கத்துப் பேண்ட் பையில் போடுங்கள். ஆமாம். பட்டனை மாட்டுங்கள். இப்படி இல்லை, அதை... சரி, எப்படியோ மாட்டுங்கள்.

அடிக்கிறதே. சலோமியாகத்தான் இருக்கும். இல்லை, எடுக்க வேண்டாம். அடிக்கட்டும்.

நின்றுவிட்டதா?

என் மடியில் இருக்கிற இந்தப் பையில் என்ன என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஆடினால் உடைந்துவிடும் என்றுதான் மேலே வைக்கவில்லை. அந்த ஜாடிதான். துணியை நான் மறுபடி கட்டினேன். அவள் கட்டிய மாதிரி வரவில்லை. உள்ளே பாதி உப்பு இருக்கிறது.